பதம்

மணி நாலு. பிப்ரவரி. சீடர் ரேப்பிட்ஸில்
பனி விழுவதை நிறுத்திவிட்டு
வெறுமனே கிடக்கிறது.
மூன்றாம் மாடி, படுக்கை பதினொன்று:
வெர்லின் காட்லெக், எண்பத்தொரு வயது,
இடுப்பு முறிந்து, ஆணியடித்துச் சேர்த்து
இது இரண்டாம் இரவு.

"பதினேழு சதவீத ஈரம். திருப்பி அனுப்பு இந்த லாரியை"
என்கிறார் சலைன் பையைப் பார்த்து.
நர்ஸிடம் எடைச்சீட்டு கேட்கிறார்.
கூரையில் எலி என்கிறார்.
இல்லை, எலி இல்லை, தூசி, சோளத்தூசி,
யாரும் தீக்குச்சி கிழிக்காதீர்கள் என்று
ஒற்றைக் கையை உயர்த்தி
வார்டு முழுவதையும் நிறுத்துகிறார்.

நாற்பது வருடம் தானியக் கிடங்கில் வேலை.
லாரி வந்து நிற்கும். நீளக் குழலை
மக்காச்சோளத்துக்குள் ஆழக் குத்தி உருவினால்
மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி.
முகர்வார். ஒரு மணியைப் பல்லில் வைத்து உடைப்பார்.
"ஏப்ரலில் இது சூடேறும்."
சண்டைக்கு வருவார்கள்:
ஒரு பிடியைப் பார்த்து என் வயலை எப்படிச் சொல்வாய்?
"உன் வயலைச் சொல்லவில்லை.
நான் வாங்கிப் போடப்போகும் கோடையைச் சொல்கிறேன்."

அறுவைக்கு முந்தின நாள் அவரிடமும் எடுத்தார்கள்
ஊதா மூடிக் குழாயில் ஒரு பிடி.
கீழ்த்தளத்தில் அதைப் படித்தவர்கள்
எழுத்துகளைப் பார்க்கவில்லை.
அவை பிறந்த நாளில் இருந்த அதே எழுத்துகள்.
அவற்றின் தலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள்.

எனக்கு இதைத் தமிழில்தான் நினைக்க வருகிறது:
புள்ளி.
க என்பது க் ஆவதற்கு ஒன்று போதும்.
வடிவம் அதேதான், வாய் மட்டும் மூடிக்கொள்கிறது.
வயதாக ஆக, சில இடங்களில் புள்ளி உதிர்கிறதாம்.
அடங்கிக் கிடக்க வேண்டிய மெய்யெல்லாம்
உயிர் வந்து கத்துகிறது,
ஒரு கீறலுக்கு ஊரே தீப்பிடித்ததுபோல.
புள்ளி வைக்காத ஓலையை ஊகித்துப் படிக்கிறவனாய்
மூளை இரவைப் படிக்கிறது:
குழாய், லாரி, எலி, தூசி.
இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.
இப்படித்தான் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அபாயம் அதிகம் என்றார்கள், மகள் டார்லாவிடம்.
அதற்கு என்ன மருந்து?
மூக்குக்கண்ணாடி. காதுக்கருவி.
காலையில் திரையை விலக்கிவிடுங்கள்.
இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.
இவ்வளவு ரத்தத்தைப் படித்து இதுவா
என்று அவள் சிரித்துவிட்டாள்.
காதுக்கருவி முதல் இரவே
சாப்பாட்டுத் தட்டோடு சமையலறைக்குப் போய்
அங்கிருந்து எங்கோ போய்விட்டது.

நாலேகாலுக்குச் செனாதா ஹுகிச் வருகிறாள்.
ஆய்வுக்கு இரண்டாவது குழாய் வேண்டும்.
ஆறு வயதில் போஸ்னியாவிலிருந்து வந்தவள்;
ராத்திரியில் கத்துகிற ஆண்களை
வீட்டிலேயே பார்த்திருக்கிறாள்.
இடது காதருகே குனிந்து
கிழமையைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள்,
குத்தப்போகிறேன் என்றாள்.

ஊசி நுழைந்ததும் அவர் அடங்கிவிட்டார்.
வேலை தெரிந்தவன் வேலை தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை.
குழாய் நிறைவதைக் கண்ணால் அளந்தார்.
மூக்கை அருகே கொண்டுபோனார்.
"சூடேறும் இது. கிளறிவிடணும்."

உறையாமலிருக்க எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.
அது அவளுடைய விதி; அவருக்கு எப்படித் தெரியும்?
கவிழ்த்தாள்.
"ஒன்று," என்றார்.
கவிழ்த்தாள்.
"இரண்டு."
ஐந்தை அவர் விட்டுவிட்டார்.
எட்டு என்று அவர் தலையசைத்தபோது
ஏழுதான் ஆகியிருந்தது.

கண்ணை மூடட்டும் என்று காத்திருந்து
இன்னொரு முறை கவிழ்த்தாள்.